பழைய டிராக்டருக்கு முன்விளக்குப் பொருத்துதல்

அறுவடைக் காலத்தில் உழவரின் வேலை பொழுது சாய்ந்தவுடன் முடிந்துவிடுவதில்லை. கரும்பு ஏற்றிய இழுவண்டியை ஆலைக்குக் கொண்டு செல்வதும், கோதுமை அறுத்த நிலத்தை அடுத்த பயிருக்கு உழுவதும் பெரும்பாலும் இரவிலேயே நடைபெறுகின்றன. ஆனால் பழைய டிராக்டர்கள் சிலவற்றில் விளக்கே இல்லை. சிலவற்றில் இருந்த விளக்கு கெட்டு நெடுநாளாயிற்று. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் செய்யப்பட்ட ஃபெர்குசன் டிஇ-20, 1947 முதல் 1952 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட ஃபோர்டு 8-என் ஆகியவற்றில் முன்விளக்கு தனியே வாங்க வேண்டிய துணைப்பொருளாகவே இருந்தது.

இத்தகைய டிராக்டருக்கு விளக்குப் பொருத்த விரும்புவோர், கடையிலுள்ளவற்றுள் மிக்க ஒளி தருவதை முதலில் வாங்கிவிடுகின்றனர். இது தலைகீழான முறை. விளக்கு தரும் ஒளி, அதற்குப் பின்னாலுள்ள டைனமோவையும் கம்பியையும் பொறுத்தது. ஆகவே கணக்கு முன்னும், கடை பின்னும் வரவேண்டும்.

1. மின் அழுத்தமும் எர்த்தும்

ஈய பாட்டரியின் ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2 வோல்ட் தரும். நீர் ஊற்றும் மூடிகள் மூன்றாயின் அது 6 வோல்ட் பாட்டரி; ஆறாயின் 12 வோல்ட். பின்னர், பாட்டரியின் எந்த முனை டிராக்டரின் உடலோடு இணைக்கப்பட்டுள்ளது என்று நோக்குக. இக்காலத்து வண்டிகளில் அது எதிர்முனை. மேலே கூறிய இரு பழைய டிராக்டர்களிலும் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது.

இழை பல்புக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. எல்.ஈ.டி. விளக்குக்கோ இது முக்கியம். முனை மாறினால் அது எரியாது; கெட்டுவிடவும் கூடும். விளக்கின் உலோகக் கூடு அதன் எதிர்முனையோடு சேர்ந்திருந்து, அக்கூட்டை நேர்முனை எர்த் உள்ள டிராக்டரில் திருகினால் குறுக்குச் சுற்று உண்டாகும். மேலும், 12 வோல்ட்டுக்கென்று செய்த எல்.ஈ.டி. விளக்கு 6 வோல்ட்டில் பொதுவாக எரிவதில்லை.

2. மின்னோட்டக் கணக்கு

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 12 வோல்ட் டீசல் டிராக்டர் ஒன்றின் டைனமோ மிகுதியாக 11 ஆம்பியர் தரும் என்று கொள்வோம். அதில் 55 வாட் முன்விளக்கு இரண்டு, கலப்பையைக் காட்டும் 35 வாட் விளக்கு ஒன்று, 5 வாட் பின்விளக்கு ஒன்று பொருத்தினால் மொத்தம் 150 வாட், அதாவது 12.5 ஆம்பியர். டைனமோ முழு வேகத்தில் சுழன்றாலும் 1.5 ஆம்பியர் குறைகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது கட்-அவுட் திறந்துகொள்வதால் முழுச் சுமையும் பாட்டரியின் மேல் விழும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஆனால் ஒருமுறை எஞ்சினை நிறுத்தினால், நள்ளிரவில் வயல் நடுவே அது மீண்டும் கிளம்பாமற் போகலாம்.

முன்விளக்கு இரண்டும் 35 வாட், பின்விளக்கு இரண்டும் 5 வாட் என்று வைத்தால் மொத்தம் 80 வாட்; ஏறக்குறைய 6.7 ஆம்பியர். எஞ்சிய 4.3 ஆம்பியர் பாட்டரியை ஏற்றப் பயன்படும். 20 வாட் எல்.ஈ.டி. முன்விளக்கு இரண்டுக்கு 3.3 ஆம்பியரே போதும். பெட்ரோல் எஞ்சினாயின் தீப்பொறிச் சுற்றுக்கு வேண்டிய மின்னோட்டத்தையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

3. கம்பியும் உருகியும்

ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பி 5 மீட்டர் நீளத்துக்கு 0.086 ஓம் தடை உடையது. இரு 35 வாட் விளக்குகள் 12 வோல்ட்டில் 5.8 ஆம்பியர் இழுக்கின்றன. கம்பியில் இழப்பு அரை வோல்ட். அதே வாட் அளவுள்ள விளக்குகள் 6 வோல்ட்டில் 11.7 ஆம்பியர் இழுப்பதால் இழப்பு ஒரு வோல்ட், அதாவது ஆறில் ஒரு பங்கு. இழை பல்பின் ஒளி, மின் அழுத்தத்தைவிட விரைவாகக் குறையும். ஆறில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறக்குறையப் பாதியாகிவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பயன்படுத்தினால் இவ்விழப்பு ஐந்தில் இரண்டு பங்காகக் குறையும். 6 வோல்ட் டிராக்டரில் தடித்த கம்பி இன்றியமையாதது.

வேலை தொடங்குமுன் பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றுக. அதை இறுதியில் மாட்டுக. உருகியைப் பாட்டரிக்கு அருகிலேயே அமைத்தல் வேண்டும். 6.7 ஆம்பியர் சுமைக்கு 10 ஆம்பியர் உருகி தக்கது. உருகி அடிக்கடி போகிறதென்று அவ்விடத்தில் வெறுங்கம்பியைச் சுற்றுவது, காய்ந்த வைக்கோல் நடுவே நிற்கும் டிராக்டருக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். தகட்டுத் துளை வழியே செல்லும் கம்பிக்கு ரப்பர் வளையம் இடுக. புகைக் குழாயின் அருகே கொண்டு செல்லற்க. விளக்கைத் திருகும் இடத்தில் துருவையும் வண்ணத்தையும் சுரண்டி எடுக்காவிடில் எர்த் சரிவரக் கிடைக்காது.

4. விளக்கைத் திசைப்படுத்துதல்

சமதரையில் சுவருக்கு 7.5 மீட்டர் முன்பாக டிராக்டரை நிறுத்துக. விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, ஒளியின் நடு அதற்கு 7.5 சென்டிமீட்டர் கீழே விழுமாறு திருப்புக. 1 மீட்டர் உயரத்திலுள்ள விளக்கின் ஒளி அப்போது 100 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். பின்னால் கலப்பையைத் தூக்கினால் டிராக்டரின் முன்பகுதி சற்று உயர்ந்து, ஒளி எதிரே வருபவரின் கண்ணில் படும். ஆகவே வழக்கமான சுமையோடு வைத்தே இதைச் செய்தல் நலம்.

5. பின்புறம்

முன்விளக்கு ஓட்டுபவருக்கு வழி காட்டுகிறது. பின்விளக்கு அவர் உயிரையும் பிறர் உயிரையும் காக்கிறது. மெல்லச் செல்லும் கரும்பு வண்டியின் பின்னால் விரைந்து வரும் லாரிக்கு, விளக்கற்ற வண்டி அருகில் வரும் வரை தெரியாது. 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பொதுச்சாலையில் கதிரவன் மறைந்து அரைமணி கழிந்தபின் விளக்கு எரிதல் கட்டாயம். இழுவண்டியின் பின்புறம் இரு ஓரங்களிலும் சிவப்பு விளக்கும், அது கெட்டாலும் உதவும் சிவப்பு ஒளிதிருப்பியும் வேண்டும். கலப்பையைக் காட்டும் வெள்ளை விளக்குக்குத் தனிச் சுவிட்சு வைத்து, சாலையில் அதை அணைத்துவிடுக. பின்னால் வருபவர் அதை எதிரே வரும் வண்டியின் விளக்கென்று மயங்கக்கூடும்.

ஆசிரியர்களுக்கு: ஒரே 12 வோல்ட் பல்பைக் குட்டையான தடித்த கம்பியாலும், நீண்ட மெல்லிய கம்பியாலும் மாறி மாறி எரியச் செய்து, ஒவ்வொரு முறையும் பல்பின் முனைகளில் வோல்ட்டை அளந்து காட்டுக. பின்னர் மாணவரிடம் இவ்வினாவை விடுக்கலாம்: 6 வோல்ட் டிராக்டரில் 25 வாட் முன்விளக்கு இரண்டும் 5 வாட் பின்விளக்கு ஒன்றும் இருப்பின் எத்தனை ஆம்பியர் வேண்டும்? ஏறக்குறைய 9.2 என்று அவர்கள் கண்டறிந்தபின், தத்தம் ஊரிலுள்ள டிராக்டரின் டைனமோத் தகட்டைப் படித்து, அது இச்சுமையைத் தாங்குமா என்று கூறச் செய்க.