கருக்கு என்னும் குறியீடு

மதுரைக்குத் தென்மேற்கே, மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் தலித் சிறுமி ஒருத்தி வளர்ந்த கதையே பாமாவின் ‘கருக்கு’ (1992). பனைமட்டையின் இருபுறமும் வாள்போல் பற்கள் கொண்ட விளிம்புக்குக் கருக்கு என்று பெயர். விறகு பொறுக்கும்போது உடலைக் கீறிய அப்பொருளை, சாதி கீறிய தம் வாழ்வோடு பாமா ஒப்பிடுகிறார். ‘போல’ என்னும் உருபு வந்தால் உவமை. இத்தலைப்பிலோ உருபும் இல்லை, ஒப்பிடப்படும் வாழ்வும் இல்லை. பொருள் மறைந்து நிற்பதால் இது குறியீடு. கூர் இருபுறமும் உண்டு என்பதே இதன் நுட்பம்: அறுபட்டவரின் கையில் அதுவே அறுக்கும் கருவியாகவும் மாறும். சொல்லுக்குள் ‘கரு’வும் இருக்கிறது. துறவு மடத்தை விட்டு வெளியேறியபின், காயம் தந்த ஊரை எழுத அவர் தேர்ந்தது அவ்வூர்ப் பேச்சுவழக்கையே. இலக்கணம் அறிந்தோர் சிலர் முகஞ்சுளித்தனர்.