முதலில் சந்தை, பிறகு கோட்டை

மாரண்டஹள்ளிக்கு வருகிறேன், ஊரைச் சுற்றிக் காட்டுங்கள் என்று யாராவது சொன்னால், "சந்தை நாளில் வர முடியுமா?" என்றுதான் முதலில் கேட்பேன். தருமபுரி மாவட்டம் என்றதும் பலருக்கும் ஒகேனக்கல் நினைவுக்கு வரும். பரிசல் ஏறி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அருவியைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் தருமபுரியிலிருந்து ஓசூருக்குப் போகும் சாலையில் பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை என்று வரிசையாக இருக்கும் ஊர்களில் இறங்கிப் பார்க்கிறவர்கள் குறைவு. இது எனக்கு வெகுநாளாக உள்ள வருத்தம். சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் இந்தப் பக்கமெல்லாம் கூட்டிக்கொண்டு அலைந்ததில் நான் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

வாரச்சந்தை கூடும் ஊரைப் பார்க்க நாள் முக்கியம். மற்ற ஆறு நாட்களில் வந்தால் கடைத்தெருவும் பேருந்து நிறுத்தமும்தான் தெரியும். அக்கம்பக்கத்துச் சந்தைகள் பெரும்பாலும் ஒரே கிழமையில் கூடாது. ஒரு ஊரில் கடை விரித்த வியாபாரி மறுநாள் அடுத்த ஊரில் விரிப்பார். வளையல், பாத்திரம், விதை, கயிறு, கருவாடு எல்லாம் இப்படித்தான் வாரம் முழுக்கச் சுற்றிவருகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமை கூடும். மிகப் பெரிய சந்தை அது. வெளியூரிலிருந்து வாரக்கடைசியில் மட்டும் வர முடிகிறவர்களுக்குத் தோதானது. எந்தச் சந்தைக்குப் போவதானாலும் கிளம்புவதற்கு முன் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். பண்டிகை வந்தால் நாள் மாறுவதும் உண்டு. பொங்கலுக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரம் என்றால் கட்டாயம் போங்கள். ஆடு மாடு அவ்வளவு வந்திருக்கும்.

விடிவதற்குள் போய்விட வேண்டும். காய்கறிக் கடைகள் சாயங்காலம் வரை இருக்கும். கால்நடை வியாபாரம் அப்படியில்லை. வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். மாட்டுச் சந்தையில் பார்க்க வேண்டியது விலை பேசும் முறை. தரகர் ஒருவர் வாங்குகிறவரின் கையைப் பிடித்து, இரண்டு கைகளையும் ஒரு துண்டால் மூடிக்கொள்வார். துண்டுக்குள் விரல்கள்தான் பேசும். எந்த விரலைப் பிடித்தார், எத்தனை விரலை அழுத்தினார் என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். முகத்தில் ஒன்றும் தெரியாது. சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியாததால், அடுத்த மாட்டுக்கு அதே விலை கேட்டு யாரும் அடம்பிடிக்க முடியாது. பேரத்தில் தோற்றவருக்கும் நாலு பேர் முன்னால் தலைகுனிவு இல்லை. எழுத்தும் ரசீதும் இல்லாமல், நம்பிக்கையை மட்டும் வைத்து இத்தனை தலைமுறையாக நடந்துவரும் இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த நேரத்தில் பக்கத்தில் போய் நிற்காதீர்கள், செல்போனை நீட்டாதீர்கள். நாலடி தள்ளி நின்று பாருங்கள். பேரம் முடிந்து கயிறு கைமாறிய பிறகு பேச்சுக் கொடுத்தால், பெரும்பாலும் அவர்களே மாட்டின் பல்லையும் சுழியையும் காட்டி விளக்குவார்கள்.

எங்கள் பக்கம் தென்னை அதிகம். சந்தையிலும் மண்டியிலும் தேங்காய் குவிந்து கிடக்கும். பஞ்சப்பள்ளியில் சின்னாற்றின் குறுக்கே கட்டிய அணை நிரம்பிய வருடத்துக்கும் நிரம்பாத வருடத்துக்கும் காயின் பருமனிலேயே வித்தியாசம் தெரியும். தக்காளிக்குப் பாலக்கோடும் ராயக்கோட்டையும். பிளாஸ்டிக் கிரேடுகளில் அடுக்கிய தக்காளி கேரளாவுக்கும் சென்னைக்கும் லாரி ஏறுவதை அங்கே பார்க்கலாம். விலை விழுந்த நாட்களில் பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகாமல் செடியிலேயே விட்டுவிட்ட வயல்களையும் பார்ப்பீர்கள். அதையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம். மாசி, பங்குனியில் வந்தால் புளி. மே கடைசியிலிருந்து மாங்காய். மல்கோவா, செந்தூரா, பெங்களூரா என்று வாசனையாலேயே வகை பிரிக்கலாம். மல்பெரித் தோட்டங்களும் பட்டுப்புழு வளர்க்கும் மனைகளும் கண்ணில் பட்டால், அந்தப் பட்டுக்கூடுகள் விலைபோவதைத் தருமபுரியில் இருக்கும் அரசு பட்டுக்கூடு அங்காடியில் பார்க்கலாம். அங்கே ஏலம் வெளிப்படையாக, எல்லோருக்கும் விலை தெரிய நடக்கும். மாட்டுச் சந்தைத் துண்டுக்கு நேர் எதிர். இரண்டையும் பார்த்தவர்களோடு பேசினால் எது நியாயம் என்று ஒரு விவாதமே நடக்கும்.

சந்தையில் மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே கடையில் ஓடும். "எம்மாத்தம்கா?" என்று ஒருவர் தமிழில் கேட்பார்; பக்கத்தில் நிற்பவருக்குத் தெலுங்கில் பதில் சொல்லிக்கொண்டே கடைக்கார அக்கா உங்களுக்குத் தமிழில் விலை சொல்லுவார். துணிப்பை, சில்லறை, தண்ணீர், மூன்றும் கையில் இருக்கட்டும். ஏதாவது வாங்குங்கள். வெறுங்கையோடு படம் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவரை யாரும் விரட்ட மாட்டார்கள், ஆனால் மனம் விட்டுப் பேசவும் மாட்டார்கள். ஒரு படி அவரையோ கால் கிலோ பூண்டோ வாங்கிப் பாருங்கள். "எந்தூருங்கண்ணா நீங்க?" என்று அவர்களே ஆரம்பிப்பார்கள். அப்புறம் அவர்களுடைய ஊர், மகன் பெங்களூரில் பார்க்கும் வேலை, இந்த வருஷத்து மழை என்று எல்லாம் வரும். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத ஊர் வரலாறு எனக்கு இப்படித்தான் கிடைத்தது.

சாப்பாட்டுக்குக் களி தேடுங்கள். கேழ்வரகுக் களி உருண்டை, கீரைக் கடைசல் அல்லது கருவாட்டுக் குழம்பு. மென்று தின்னக் கூடாது. குழம்பில் தொட்டு விழுங்க வேண்டும். மதியம் வரை பசிக்காது.

இத்தனையும் பார்த்த பிறகு ராயக்கோட்டை மலைக்கு வாருங்கள். ஏன் இந்த வரிசை என்று கேட்பவர்களுக்கு 1791-ஆம் ஆண்டுக் கதையைச் சொல்வேன். அந்த மார்ச்சில் ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பெங்களூரைப் பிடித்தார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனவர், மைசூர் சுல்தான் திப்புவின் தலைநகரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. படைக்குச் சோறில்லை, வண்டி இழுக்கும் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, பெரிய பீரங்கிகளை இழுத்துவர வழியில்லாமல் அங்கேயே உடைத்துப் போட்டார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, கீழே கர்நாடகம் என்று அன்று அழைத்த கிழக்குச் சமவெளியிலிருந்து தானியமும் மாடும் மேலே மைசூருக்கு ஏறிவரும் கணவாய்ப் பாதையைத் தன் கைக்குள் கொண்டுவருவது. ஜூலையில் ஓசூர் விழுந்தது. அதே மாதம் மேஜர் கௌடியின் படை ராயக்கோட்டையைப் பிடித்தது. படைக்குத் தானியம் சுமந்தவர்கள் லம்பாடி வணிகர்கள். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளோடு அவர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் மறுவருடம் மீண்டும் ஸ்ரீரங்கப்பட்டணம் போக முடிந்தது. 1792 உடன்படிக்கையில் இந்தப் பகுதி அடங்கிய பாராமகால் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயிற்று. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை மைசூர் மேல் ஏறியதும் இந்த ராயக்கோட்டை வழியாகத்தான்.

சந்தையில் மாட்டையும் தானிய மூட்டையையும் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இந்தக் கதை உடனே பிடிபடும். மலை மேலிருந்து பார்த்தால் சாலையும் தண்டவாளமும் அதே இடைவெளியில் நுழைந்து போவது தெரியும். கோட்டை எதைக் காவல் காத்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நேராகக் கோட்டைக்கு மட்டும் கூட்டிப்போன நண்பர்கள், "இடிஞ்ச செவுருதானே" என்று கீழே இறங்கிவிட்டதைப் பார்த்துத்தான் இந்த வரிசையை மாற்றினேன்.

ஒரே நாளில் இரண்டையும் முடிக்கப் பார்க்காதீர்கள். சந்தைக்கு ஒரு விடியல், மலைக்கு ஒரு விடியல். எட்டு மணிக்குள் மேலே இருந்தால் நல்லது. சித்திரை, வைகாசியில் பாறை கொதிக்கும். மழை பெய்த மறுநாள் படிகளும் பாறையும் வழுக்கும், ஏற வேண்டாம். மேலே கடை எதுவும் கிடையாது. தண்ணீரைத் தாராளமாகக் கொண்டுபோங்கள், பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கார்த்திகை முதல் தை வரையிலான நாட்கள் இங்கே ஏறுவதற்கு இதமானவை. குழந்தைகளைச் சுனைகளின் ஓரம் தனியாக விடாதீர்கள்.

ராயக்கோட்டைக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுவரில் பெயர் கிறுக்கினால் தண்டனை உண்டு. ஆனால் சந்தைகளுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. சந்தையையும் காக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தில் சிப்பிங் கேம்ப்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1627-இல் கட்டிய சந்தை மண்டபம் ஒன்று இன்றும் நிற்கிறது. கல்வளைவுகளும் மேற்கூரையும் மட்டும் உள்ள திறந்த மண்டபம், வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்க வந்தவர்கள் மழைக்கு ஒதுங்கக் கட்டியது. 1940-களில் அதை வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப் பேச்சு நடந்தபோது, ஊர்க்காரர்களே பணம் திரட்டி வாங்கி, நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். இப்போது உலகம் முழுவதிலிருந்தும் அதைப் பார்க்கப் போகிறார்கள். எங்கள் சந்தைகளில் கல் மண்டபம் இல்லை. புளியமரமும் அதன் நிழலும்தான் கூரை. ஆனால் அந்த மண்டபத்தில் நடந்துபோன வியாபாரம் இங்கே இன்னும் உயிரோடு நடக்கிறது. சந்தைத் திடலைக் குறுக்கி வணிக வளாகம் கட்டலாம் என்று எந்த ஊரில் பேச்சு எழுந்தாலும், நிழல் மரங்களையும் மாடு கட்டும் இடத்தையும் விட்டுவிடுங்கள் என்று சொல்ல நாலு பேராவது வேண்டும். வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் பெருகினால் அந்த நாலு பேரின் குரலுக்குக் கொஞ்சம் வலு சேரும். இவ்வளவு வற்புறுத்தி நான் அழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் தருமபுரிக்குப் போங்கள். பெங்களூர் – சேலம் ரயில் பாதையில் மாரண்டஹள்ளிக்கும் நிலையம் உண்டு. நிற்கும் வண்டியின் நேரத்தைப் பார்த்துக்கொண்டால் பாசஞ்சரிலேயே போகலாம். ஜன்னலோர இருக்கைக்கு முயலுங்கள். ராயக்கோட்டைக் கதையின் தொடர்ச்சி தருமபுரியில் இருக்கிறது. 1792-இல் பாராமகாலின் நிர்வாகம் அலெக்சாண்டர் ரீடிடம் போனபோது அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது இந்த மண்ணில்தான். தருமபுரியில் தான் வளர்த்த தோட்டத்தைப் பிரியும்போது மன்றோ வருந்தி எழுதியிருக்கிறார். பிற்பாடு அவர் சென்னையின் கவர்னரானார்.

தருமபுரிக் கோட்டைக் கோயிலில் நுளம்ப மன்னர்கள் காலத்துச் சிற்ப வேலை கொண்ட தூண்களை நிதானமாகப் பாருங்கள். எல்லோரும் தொங்கும் தூணுக்கு அடியில் துணி விட்டுப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். காமாட்சி அம்மன் சன்னிதியின் அடிப்பீடத்தில் குனிந்து பார்த்தால் ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னப் பலகைகளாக இருக்கும். அதற்கு அரைமணி நேரம் கொடுங்கள். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் மண்டபத்தின் மேற்கூரை ஓவியங்களைப் பார்க்கக் கைவிளக்கு உதவும், ஆனால் ஃபிளாஷ் அடித்துப் படம் எடுக்காதீர்கள், சாயம் கெடும்.

தருமபுரி அகழ்வைப்பகத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நடுகற்கள் இருக்கின்றன. ஓட்டிக்கொண்டு போன மாடுகளை மீட்கப் போரிட்டுச் செத்தவர்களுக்கு நட்ட கற்கள் இந்த மாவட்டமெங்கும் கிடைத்திருக்கின்றன. வில்லும் வாளுமாக நிற்கும் வீரனின் காலடியில் சில கற்களில் மாடுகளையும் செதுக்கியிருப்பார்கள். சந்தைக்குப் போய்விட்டு வந்த குழந்தைகளைக் கூட்டிப்போனால், அவர்களாகவே அந்த மாடுகளைக் கண்டுபிடித்து எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள்.