ஜேன் ஆஸ்டினின் பாத் நகரிலே



நாம் விரும்பிப் படிக்கும் நாவலாசிரியர் ஒருவர் வாழ்ந்த ஊரைக் காண்பதென்றால் நமக்கு ஆவல்தானே! இங்கிலாந்தின் மேற்கே, ஏவன் ஆற்றங்கரையில் உள்ள பாத் நகருக்கு மனக்கண்ணால் சென்று வருவோம். ஜேன் ஆஸ்டின் எழுதிய 'பர்சுவேஷன்' நாவலே நமக்கு வழிகாட்டி.

'பாத்' என்றால் குளியல். இங்கே ஏறத்தாழ 46 டிகிரி செல்சியஸ் சூடுள்ள ஊற்று நீர், நாள்தோறும் 10 இலட்சம் லிட்டருக்கு மேல் பொங்கி வருகிறது. ரோமானியர் அமைத்த குளத்தை இன்றும் காணலாம். 18ஆம் நூற்றாண்டில் நோயாளிகள் நலம் தேடியும், செல்வர்கள் பொழுதுபோக்கவும் இங்கு வந்து குவிந்தனர். அவர்களுக்காகப் பொன்னிறக் கல்லால் அழகிய தெருக்கள் எழுந்தன. 1767 முதல் 1774 வரை கட்டப்பட்ட 'ராயல் கிரசென்ட்' என்னும் 30 வீடுகள் பிறை வடிவில் நிற்பது கண்கொள்ளாக் காட்சி! 1987இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

ஆனால் அந்நாளில் ஒருவர் குடியிருக்கும் தெருவே அவருடைய மதிப்புக்கு அளவுகோலாக இருந்தது. 'பர்சுவேஷன்' கதையில், கடனில் மூழ்கிய சர் வால்ட்டர் எலியட்டும் மேட்டின்மேல் உள்ள கேம்டன் பிளேசில்தான் வீடு பிடிக்கிறார். அவர் மகள் ஆன், மேட்டிலிருந்து இறங்கி, வெந்நீர்க் குளங்களுக்கு அருகே வெஸ்ட்கேட் பில்டிங்ஸ் பகுதிக்குப் போகிறாள். அங்கே திருமதி ஸ்மித் என்னும் ஏழை விதவை நோயுற்றுக் கிடக்கிறார். தாயை இழந்து ஆன் பள்ளியில் வாடிய நாட்களில் அன்பு காட்டிய தோழி அவர். உறவினரான பெருமாட்டி டால்ரிம்பிள் விருந்துக்கு அழைத்த மாலையிலும், தோழிக்குக் கொடுத்த வாக்கை ஆன் மீறவில்லை. தந்தை ஏளனம் செய்தும் அவள் மனம் மாறவில்லை.

இதை எழுதியவரும் அந்தத் தெருக்களை நன்கு அறிந்தவரே. ஆங்கிலிக்கன் போதகரான அவர் தந்தை, ஓய்வு பெற்று 1801இல் குடும்பத்துடன் இங்கு வந்தார். சிட்னி பிளேசில், பூங்காவுக்கு எதிரே, 4ஆம் எண் வீட்டில் குடியேறினார்கள். 1805 ஜனவரியில் தந்தை இறந்ததும் வருவாய் குன்றியது. தாயும் மணமாகாத இரு மகள்களும், ஆண்மக்கள் அனுப்பிய பணத்தை நம்பி, வாடகை அறைகளுக்கு மாறினர். 1806இல் ஊரைவிட்டே சென்றனர். ஜேன் 1817 ஜூலை 18இல் தம் 41ஆம் வயதில் மறைந்தார். 'பர்சுவேஷன்' அவ்வாண்டு டிசம்பரில்தான் வெளிவந்தது.

ஆகவே, பாத் நகரைக் காணும்போது மேட்டு மாளிகைகளோடு நின்றுவிடாமல், வெஸ்ட்கேட் பில்டிங்ஸ் வரை இறங்கி நடப்போம். பள்ளியை விட்டுப் பிரியும் நம்முள் சிலர் உயர்வோம், சிலர் துன்புறுவோம். அப்போது தோழியின் முகவரி எதுவாயினும் அவள் வாசலுக்குச் செல்லும் உள்ளம் நமக்கு இருக்கட்டும்!