சித்திரைக் கூடலைத் தள்ளிவைப்போம், நலம் விசாரிப்பதை அல்ல

கே.கே. நகர், மதுரை: 2021 ஏப்ரல் கடைசி வாரத்துக்கான ஆலோசனை

அழகர் இந்த ஆண்டும் வைகைக்கு வரவில்லை. 2020-இல் கொரோனாவால் சித்திரைத் திருவிழா ரத்தாகி, மீனாட்சி திருக்கல்யாணம் மட்டும் மே 4 அன்று கோயிலுக்குள் நடந்தது. வீட்டிலிருந்தபடி நேரலையில் பார்த்தோம். இம்முறை விழா உண்டு, மதிலுக்குள் மட்டும். ஏப்ரல் 27 அன்று ஆற்றில் இறங்கும் வைபவமும் அழகர்கோவில் வளாகத்திலேயே.

அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையைப் பார்க்கத் தல்லாகுளத்துக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம். அதனால் வருஷாவருஷம் வெளியூர் நண்பர்கள் நம் வீடுகளில்தான் தங்குவார்கள். மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் பாய் விரித்து, புளியோதரையும் தயிர்ச்சோறுமாக நிலாச்சோறு நடக்கும். இரண்டாவது ஆண்டாக அது இல்லை என்பது சின்ன இழப்பல்ல. இந்த வாரம் செய்ய வேண்டியவை இவை.

கூட வேண்டாம்

மாடிதானே, காற்றோட்டம்தானே என்று நினைக்காதீர்கள். சாப்பிட முகக்கவசத்தைக் கழற்றியாக வேண்டும். நெருங்கி உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவோம். பிறகு ஒரே அறையில் படுப்போம். தொற்று பரவ இவ்வளவு போதும். இரவு 10 முதல் காலை 4 வரை ஊரடங்கு. ஞாயிறு முழு ஊரடங்கு. வழக்கமாக வருபவர் தானாக வராமல் நிற்கச் சங்கடப்படுவார். வீட்டுக்காரரே முந்திக்கொண்டு, “இந்த வருஷம் வேணாம்ணே, நல்லபடியா இருந்து அடுத்த வருஷம் வாங்க” என்று சொல்லிவிடுங்கள்.

குரலைக் கேளுங்கள்

யார் இளைத்திருக்கிறார், யாருக்கு வேலை போயிருக்கிறது, யார் வாய்விட்டுப் பேசவில்லை என்பதெல்லாம் பந்தியில் பார்த்ததுமே தெரிந்துவிடும். அந்தக் கூடலின் பெரிய பயன் அதுதான். போனில் “எப்படி இருக்கீங்க?” என்றால் “நல்லா இருக்கேன்” என்றுதான் பதில் வரும். ஆகவே குறிப்பாகக் கேளுங்கள்: மதியம் என்ன சாப்பிட்டீர்கள்? சுகர் மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது? யார் வாங்கித் தருகிறார்கள்? குழுவில் வாழ்த்துப் படம் அனுப்புவது இதற்கு ஈடாகாது. வயதானவர்களை வீடியோவில் வரச் சொல்லி அலைக்கழிக்காமல் சாதாரண அழைப்பிலேயே பேசுங்கள். தனியாக இருப்பவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

தடுப்பூசிக்கு அனுப்புங்கள்

45 வயது கடந்த எல்லோருக்கும் ஏப்ரல் 1 முதல் தடுப்பூசி உண்டு. கூட்டாளிகளில் போடாதவர் யார் என்று கேட்டு, முன்பதிவு செய்து கொடுங்கள். காய்ச்சல், இருமல், வாசனை தெரியாமை இருந்தால் ஒளிக்காமல் சொல்லும்படி வலியுறுத்துங்கள்; உடனே பரிசோதனை செய்யட்டும். ஆக்ஸிமீட்டரில் 94-க்குக் கீழே காட்டினாலோ மூச்சு வாங்கினாலோ வீட்டில் வைத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108.

செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்

பக்தர்கள் நேர்த்திக்கடனாகப் போடும் அழகர் வேடத்துக்குச் சல்லடமும் தலைப்பாகையும் தைக்கும் புதுமண்டபத் தையல்காரர்களுக்குச் சித்திரைதான் பெரிய வரும்படி. பளபளக்கும் துணியில் ஜரிகை வைத்து அவர்கள் தைத்த உடுப்பைக் கேட்பாரில்லாமல் இது இரண்டாவது சித்திரை. நேர்த்திக்கடன் உள்ளவர்கள் அடுத்த ஆண்டு உடுப்புக்கு இப்போதே போனில் சொல்லி முன்பணம் அனுப்புங்கள். பௌர்ணமியன்று கூடுதலாக ஒரு படி அரிசி போட்டுக் கிளறி, பொட்டலம் கட்டி, தனித்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெருக் காவலாளிக்கும் கேட்டருகே வைத்துவிட்டு வாருங்கள்.

வெயிலையும் கவனியுங்கள்

மே 4-இல் அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. நீர்மோர்ப் பந்தல் போட முடியாவிட்டாலும் வாசலில் குழாய் வைத்த தண்ணீர்ப் பானை வையுங்கள். பொது டம்ளர் வேண்டாம், பாட்டிலில் பிடித்துக்கொள்ளட்டும்.

போன வருஷம் “நிலைமை சரியாகட்டும், பேசிக்கலாம்” என்று விட்ட நட்புகள் சில இன்னும் பேச்சில்லாமலே கிடக்கின்றன. இந்த வருஷமும் அப்படி விடக் கூடாது. உங்கள் மாடிக்கு வழக்கமாக வருபவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, வீட்டில் ஆளுக்குச் சிலர் என்று பிரித்துக்கொண்டு, 26-ஆம் தேதி பௌர்ணமிக்குள் எல்லோரிடமும் பேசி முடித்துவிடுங்கள்.