அளவு ஜாக்கெட்டை எடுத்துப் பார்

விழுப்புரம்

அன்பு மகளுக்கு,

நீ போனில் சொன்ன பாம்படுத்தி வணக்கத்துக்கு அப்போதே ஆசீர்வாதம் சொல்லிவிட்டேன். மார்பில் வைத்த இம்ப்ளாண்டை மாற்ற வேண்டுமா என்று நீ கேட்ட கேள்விக்குத்தான் போனில் பதில் சொல்ல மனம் வரவில்லை. கடையில் ஆள் இருந்ததால் பாதியைச் சொல்லி பாதியை விழுங்கினாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் ஒரு தரம் கேட்டுவிட்டு விட்டுவிடுவாய். காகிதம் என்றால் டாக்டரிடம் போகும்போது பையில் வைத்துக்கொள்வாய் என்றுதான் எழுதுகிறேன்.

கூவாகம் திருவிழாவுக்கு வந்த திருநங்கைப் பிள்ளைகளில் ஒருத்தி, பத்து வருஷம் ஆகிவிட்டால் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தே ஆக வேண்டும் என்றாளாம். இன்னொருத்தி, வலிக்காத வரைக்கும் கத்தி படவே கூடாது என்றாளாம். இரண்டு பேச்சையும் நம்பாதே. மருந்து டப்பாவில் போட்டிருப்பதுபோல இம்ப்ளாண்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. இருபது வருஷம் தொல்லையில்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு, மூன்றாம் வருஷமே எடுத்தவர்களும் உண்டு. அதற்காக அது ஆயுளுக்கும் வரும் என்றும் நினைக்காதே. வருஷம் ஏற ஏற, மறு ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பும் ஏறும். வைக்கும்போதே டாக்டர் இதை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு யார் உட்காரவைத்துச் சொல்கிறார்கள்? பணத்தைக் கட்டு, படு, எழுந்து போ என்பதோடு முடிந்துவிடுகிறது.

இடது பக்கம் கொஞ்சம் கெட்டியாக, மேலே ஏறினாற்போல இருக்கிறது என்றாய். எவ்வளவு நாளாக என்று கேட்டேன், சரியாகத் தெரியவில்லை என்றாய். தையல்காரி நீ, உனக்கா தெரியாது? போன வருஷம் உனக்கே தைத்துக்கொண்ட அளவு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுப் பார். இரண்டு பக்க டக்கும் அதே இடத்தில் உட்காருகிறதா, ஒரு பக்கம் தூக்குகிறதா, கொக்கி மாட்டும்போது இழுக்கிறதா என்று கவனி. கழுத்துக்குழியிலிருந்து இரண்டு காம்புக்கும் இஞ்ச் டேப் வைத்து அளந்து, தேதி போட்டுக் குறித்து வை. கையைத் தூக்கி ஒரு போட்டோ, இறக்கி ஒரு போட்டோ எடுத்துக்கொள். டாக்டருக்கு இதைவிட நல்ல தகவல் கிடையாது. "முன்ன மாதிரி இல்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்?

உள்ளே நடப்பதையும் தெரிந்துகொள். வெளிப்பொருள் எதை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றித் தழும்புச் சதையால் ஒரு உறை கட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் கட்டும், அதில் தப்பில்லை. சிலருக்கு அந்த உறை சுருங்கி இம்ப்ளாண்டை நெருக்கும். அதை டாக்டர்கள் பேக்கர் என்பவர் பெயரால் நான்கு படியாகப் பிரித்துச் சொல்வார்கள். முதல் படியில் தொட்டாலும் பார்த்தாலும் இயல்பாக இருக்கும். இரண்டில் தொட்டால் கொஞ்சம் கெட்டி, பார்வைக்குத் தெரியாது. மூன்றில் கண்ணாலேயே தெரியும். உருண்டு மேலே ஏறியிருக்கும். நான்கில் அதோடு வலியும் சேரும். முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் கத்தி வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மூன்றும் நான்கும்தான் மறு ஆபரேஷன் பேச்சுக்கு வரும். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் உனக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்த பழக்கத்தில் சொல்கிறேன், நான் டாக்டர் இல்லை.

இதில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அமுக்கி விட்டால் உறை உடைந்து இளகிவிடும் என்று யாராவது கை வைக்க வந்தால் விடாதே. ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படிச் செய்தார்கள். உள்ளே பை கிழிகிறது, ரத்தம் கட்டுகிறது என்று தெரிந்த பிறகு கைவிட்டுவிட்டார்கள்.

பை கிழிவது தனிக்கதை. உப்புத் தண்ணீர் நிரப்பிய பை கிழிந்தால் சில நாளில் ஒரு பக்கம் வற்றிப் போய்விடும்; கண்ணாடி முன்னால் நின்றாலே தெரியும். சிலிகான் ஜெல் பை அப்படி இல்லை. கிழிந்தாலும் ஜெல் அந்த உறைக்குள்ளேயே நின்றுகொள்ளும். வலியும் இருக்காது, உருவமும் மாறாது, டாக்டர் கையால் தொட்டாலும் பிடிபடாமல் போகலாம். வலிக்காத வரைக்கும் பேசாமல் இரு என்ற பேச்சு இங்கேதான் தோற்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-ல் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது: சிலிகான் ஜெல் வைத்தவர்கள், தொல்லை ஒன்றும் இல்லாவிட்டாலும், ஐந்தாறு வருஷத்தில் ஒரு தரம் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம். நீ இதுவரை ஒன்றுகூட எடுக்கவில்லை. அல்ட்ராசவுண்டில் சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. கேள். கிழிசலைக் காட்டுவதில் அதுதான் மேல். கிழிந்திருப்பது உறுதியானால் பொதுவாக எடுக்கத்தான் சொல்வார்கள். அதற்காக ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டியதில்லை, தேதி வாங்கிக்கொண்டு போகலாம்.

ஓட வேண்டிய விஷயம் வேறு. மார்பு சிவந்து, சூடேறி, காய்ச்சலோடு வீங்கினாலோ, தழும்பிலிருந்து சீழ் கசிந்தாலோ, தோல் மெலிந்து உள்ளே இருப்பது தெரிகிறாற்போல் ஆனாலோ அன்றைக்கே போ. கடையை மூடிவிட்டுப் போ. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டு தீபாவளித் தையல் முடியட்டும் என்று இருக்காதே.

இன்னொன்றும் இருக்கிறது. அபூர்வம்தான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். ஆபரேஷன் ஆகி வருஷக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் இருந்து, திடீரென்று ஒரு பக்கம் நீர் கோத்து வீங்கும். சொரசொரப்பான மேல்தோல் கொண்ட இம்ப்ளாண்டுகளோடு சேர்ந்து வருகிற ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் உண்டு. அது மார்புச் சதையில் வருவதில்லை, இம்ப்ளாண்டைச் சுற்றிய உறையில் வருவது. 2011-லேயே எஃப்.டி.ஏ. இதைப் பற்றி எச்சரித்தது. 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனி தன்னுடைய பயோசெல் என்ற சொரசொரப்பு வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. நேரத்தில் கண்டுபிடித்து, இம்ப்ளாண்டையும் உறையையும் முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் குணமாகிவிடுகிறார்கள். அப்படி வீங்கினால் அந்த நீரை எடுத்துக் கொட்டிவிடக் கூடாது. சோதனைக்கு அனுப்பச் சொல், அதில் சி.டி.30 என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல். அந்தச் சொரசொரப்பு வகை உள்ளே இருக்கிறது, ஆனால் தொல்லை எதுவும் இல்லை என்றால், பயந்துபோய் எடுக்க வேண்டாம் என்றுதான் எஃப்.டி.ஏ.வும் சொல்லியிருக்கிறது.

இப்போது நான் கேட்கிறேன், உனக்குள்ளே இருப்பது எந்தக் கம்பெனி? வழவழப்பா, சொரசொரப்பா? எத்தனை சிசி? தெரியாது என்பாய். ஆபரேஷன் அன்றைக்கு ஒரு கார்டு கொடுத்திருப்பார்கள், கம்பெனி பெயரும் சீரியல் நம்பரும் ஒட்டியிருக்கும். தகரப் பெட்டியில் ஆதார் ஜெராக்ஸ்களுக்கு நடுவே தேடு. இல்லாவிட்டால் ஆபரேஷன் செய்த இடத்துக்கு எழுதிக் கேள். கேஸ் ஷீட்டில் அதே ஸ்டிக்கர் இருக்கும். இந்தக் கார்டு சின்ன விஷயம் இல்லை. பிரான்சில் பி.ஐ.பி. என்று ஒரு கம்பெனி, மருத்துவத்துக்கான சிலிகானுக்குப் பதிலாகத் தொழிற்சாலைச் சிலிகானை நிரப்பி விற்றது. 2010-ல் பிடிபடுவதற்குள் உலகத்தில் லட்சக்கணக்கான பெண்கள் உடம்பில் அது ஏறியிருந்தது. முதலாளிக்கு 2013-ல் நான்கு வருஷம் சிறை விதித்தார்கள். தன் உடம்பில் இருப்பது அந்தக் கம்பெனிச் சரக்குதானா என்று தெரிந்துகொள்ள அந்தப் பெண்கள் தேடியதும் கார்டையும் கேஸ் ஷீட்டையும்தான்.

உடம்பு அசதி, மூட்டு வலி, மறதி எல்லாம் இதனால்தான் என்று யூடியூபில் பார்த்ததாகச் சொன்னாய். அப்படி அவதிப்பட்டு, எடுத்த பிறகு சுகமானதாகச் சொல்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள், அவர்களைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இதுதான் காரணம் என்று காட்ட ஒரு பரிசோதனையும் கிடையாது. முதலில் ரத்தம், தைராய்டு, சர்க்கரை பார். காலையிலிருந்து ராத்திரி வரை மெஷினில் குனிந்து உட்கார்ந்தால் இம்ப்ளாண்ட் இல்லாதவளுக்கும் கழுத்து வலிக்கும்.

ஆசைக்காகப் பெரிசு பண்ணிக்கொள்ளலாமா என்றும் மெல்லக் கேட்டாய். இம்ப்ளாண்ட் வைத்தவர்களில் அளவு மாற்றுவதற்காகவே மறு ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் உண்டு, அதில் வெட்கம் இல்லை. ஆனால் முதல் ஆபரேஷனைவிட மறு ஆபரேஷனில் சிக்கல் கூடுதல். தோல் ஏற்கெனவே இழுபட்டது, பாரம் கூடினால் இன்னும் கீழே இறங்கும். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வேண்டாம். எடுத்துவிட்டு எதுவும் வைக்காமல் விடுவதும் ஒரு வழி, அதையும் டாக்டரிடம் கேள். அப்படி எடுத்துவிட்டவள் பெண் இல்லை என்று நம் திருநங்கை ஜமாத்தில் எவளாவது பேசினால் என்னிடம் சொல். யாராவது வீட்டில் வைத்து ஊசியில் திரவ சிலிகான் ஏற்றுகிறேன் என்றால் அந்தத் தெருப்பக்கமே போகாதே. அது உறையில்லாமல் சதைக்குள் ஓடும், ரத்தக் குழாயில் புகுந்து நுரையீரலை அடைத்தால் ஆளைக் கொன்றுவிடும், ஓடிய பிறகு முழுசாக எடுக்கவும் முடியாது.

பணத்துக்கு அஞ்சி நாளைத் தள்ளாதே. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மார்பகச் சீரமைப்புக்கென்றே தனி கிளினிக் திறந்து, இம்ப்ளாண்ட் ஆபரேஷன் வரைக்கும் இலவசம் என்றார்கள். அரசாங்கப் பணத்தில் அழகுக்கு ஆபரேஷனா என்று விமர்சனமும் வந்தது. ஏழைக்கு மட்டும் தன் உடம்பைப் பற்றி ஆசை இருக்கக் கூடாதா என்ன? நம்மைப் பொறுத்தவரை 2019-ல் வந்த திருநர் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, நமக்கான ஆபரேஷனுக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கும் வழி செய்வது அரசாங்கத்தின் பொறுப்பு என்கிறது. கேட்டு வாங்க வேண்டியதுதான், கெஞ்ச வேண்டியதில்லை.

முதலில் கள்ளக்குறிச்சிக்குப் போய், சிறுவங்கூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் சர்ஜரி ஓ.பி.யில் காட்டு. ஸ்கேனுக்கு எழுதுவார்கள். பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்ட வேண்டும் என்றால் ரெஃபரல் சீட்டு எழுதி வாங்கிக்கொள். ஹார்மோன் மாத்திரை, ஊசி எது எடுத்தாலும் மறைக்காமல் சொல். சில வகையில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, ஆபரேஷனுக்கு முன்னால் நிறுத்தலாமா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்களோ என்றுதான் நீ இத்தனை நாள் போகாமல் இருந்தாய், எனக்குத் தெரியும். அடையாள அட்டையை எடுத்துப் போய், சீட்டு போடும் இடத்திலேயே உன் பெயரைச் சொல்லி எழுத வை.

சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றால் சேலத்திலிருந்து எழும்பூர் போகிற ராத்திரி ரயில் சின்னசேலத்தில் நிற்கிறது. நீ அதில் ஏறு, நான் இங்கிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்கிறேன். திங்கட்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டு சிறுவங்கூரில் சீட்டு போட்டுவிடு. ஸ்கேன் ரிப்போர்ட்டை அன்றைக்கே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

உன் அம்மா