இருதயத்தின் ஆற்றலும் பெரிபெரி நோயும்

மனிதனின் இருதயம் ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள ஒரு தசை. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடித்து, 7,000 லிட்டர் இரத்தத்தை அது உடலெங்கும் செலுத்துகிறது. கை கால் தசைகள் உழைத்துக் களைத்தால் ஓய்வு கொள்ளலாம். இருதயத்திற்கோ அத்தகைய ஓய்வு இல்லை. ஆகவே அதற்கு வேண்டிய ஆற்றல் இடையறாது கிடைத்தல் வேண்டும். இருதய நோய் என்றவுடன் இரத்தக் குழாய் அடைப்பையும் வால்வுக் கோளாற்றையுமே பலரும் நினைக்கின்றனர். ஆனால் குழாய்களும் வால்வுகளும் செம்மையாக இருந்தும், தசையினுள் ஆற்றல் உண்டாகும் முறை கெடுவதாலேயே இருதயம் தளர்ந்துபோவதுண்டு. இதற்குத் தெளிவான சான்று பெரிபெரி நோயாகும்.

ஆற்றல் உண்டாகும் விதம்

விறகு எரியும்போது வெப்பம் வெளிப்படுவதுபோல, உணவுப் பொருள்கள் உயிரணுவினுள் பிராணவாயுவுடன் சேர்ந்து மாறும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. ஆயினும் உயிரணு அதனை முற்றிலும் வெப்பமாக விட்டுவிடுவதில்லை. ஒரு பகுதியை அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளில் அடக்கி வைத்து, வேண்டும்போது செலவிடுகிறது. ஏ.டி.பி. என்று சுருக்கமாக வழங்கும் இப்பொருளை 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் கண்டறிந்தார். எந்த நேரத்திலும் இருதயத்தில் இருக்கும் ஏ.டி.பி. சில வினாடித் துடிப்புக்கே போதுமானது. ஆதலால் அது செலவாகச் செலவாக மீண்டும் உண்டாக்கப்படுகிறது. ஒரு நாளில் இவ்வாறு உண்டாகிச் செலவாகும் அளவு சுமார் 6 கிலோகிராம் என்று மதிப்பிட்டுள்ளனர். இது இருதயத்தின் எடையைப்போல் இருபது மடங்கு.

இப்பணி பெரும்பாலும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகளில் நடைபெறுகிறது. நலமுள்ள இருதயம் தன் ஆற்றலில் பாதிக்கு மேல் கொழுப்பு அமிலங்களிலிருந்தும், எஞ்சியதைக் குளூக்கோஸ், லாக்டிக் அமிலம் முதலியவற்றிலிருந்தும் பெறுகிறது. குளூக்கோஸ் முதலில் பைருவிக் அமிலமாகிறது. பின்னர் பைருவிக் அமிலம், கொழுப்பு அமிலம் ஆகிய இரண்டும் ஒரே பாதையில் வந்து சேர்ந்து, 1937இல் ஹான்ஸ் கிரெப்ஸ் விளக்கிய சிட்ரிக் அமிலச் சுழற்சியில் எரிகின்றன.

தவிட்டோடு போன சத்து

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆலைகளில் அரிசியைத் தீட்டும் வழக்கம் பரவியபோது, அரிசியையே முதன்மை உணவாகக் கொண்ட ஆசிய நாடுகளில் பெரிபெரி பெருகிற்று. சிலருக்குக் கால்கள் மரத்து நடை தளர்ந்தது. சிலருக்கு உடல் வீங்கி, இருதயம் விரிந்து, மூச்சுத் திணறி உயிர் பிரிந்தது. ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் இதையொத்த நோயுற்றதையும், தவிடு கொடுத்தபின் தேறியதையும் கண்டார். நோய்க்கு ஒரு நச்சுப் பொருளே காரணம் என்று அவர் முதலில் கருதினார். தவிட்டிலுள்ள ஒரு சத்து குறைவதே காரணம் என்று 1901இல் கெரிட் கிரைன்ஸ் எடுத்துக் காட்டினார். அச்சத்தை 1926இல் ஜான்ஸன், டோனாத் என்னும் இருவர் ஜாவாவிலேயே பிரித்தெடுத்தனர். நெல்லூரில் பிறந்த அமெரிக்க ரசாயன அறிஞர் ராபர்ட் வில்லியம்ஸ் 1936இல் அதனைச் செயற்கை முறையில் ஆக்கிக் காட்டினார். அதுவே தயாமின் எனப்படும் வைட்டமின் பி1.

இந்தியாவில் 1918இல் ராபர்ட் மக்காரிசன் குன்னூரில் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். சிறிய அளவில் தோன்றிய அந்நிலையமே வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

தடை நேரும் இடம்

தயாமின் உடலில் என்ன செய்கிறது என்பதை ஆக்ஸ்போர்டில் ருடால்ப் பீட்டர்ஸ் 1930களில் ஆராய்ந்தார். தயாமின் குறைந்த புறாக்களின் மூளைத் திசுவில் பைருவிக் அமிலம் எரியாமல் தேங்கியது. சிறிது தயாமின் சேர்த்ததும் அத்திசு மீண்டும் பிராணவாயுவை மிகுதியாக ஏற்றது. உறுப்பின் வடிவம் கெடுமுன்பே அதன் ரசாயனச் செயல் கெடக்கூடும் என்பது இதனால் விளங்கியது.

இருதயத்திலும் இதுவே நிகழ்கிறது. தயாமின் இன்றேல் பைருவிக் அமிலம் சுழற்சிக்குள் புக இயலாது. சுழற்சியினுள் மற்றொரு படிக்கும் தயாமின் வேண்டும். ஆதலால் கொழுப்பும் செவ்வனே எரிவதில்லை. எரிபொருளும் காற்றும் இருந்தும் அடுப்பு பற்றாத நிலை இது. லாக்டிக் அமிலம் இரத்தத்தில் மிகுகிறது, இருதயம் தளர்கிறது.

இருதய நோய்கள் யாவும் தயாமின் குறைவால் வருவனவல்ல. ஆனால் வேறு காரணங்களால் தளர்ந்த இருதயங்களிலும் ஏ.டி.பி. குறைந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. நீரிழிவு நோயில் இருதயம் குளூக்கோஸைக் குறைவாகவும் கொழுப்பை மிகுதியாகவும் பயன்படுத்துவதால், அதே வேலைக்கு அதிகப் பிராணவாயு தேவைப்படுகிறது. முனைவர் பட்டத்திற்காக இத்துறையில் ஆராய்வோர், நீண்ட இப்பாதையில் ஏதேனும் ஒரு படியை எடுத்துக்கொண்டு, அங்கு நேரும் தடை நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்று ஆய்கின்றனர். காரணமாயின் அங்கே மருந்து பயன்படும் என்பதே இவ்வாய்வின் பயன்.

களப் பணியாளர் அறிய வேண்டுவன

பெரிபெரி மறைந்த நோயன்று. காஷ்மீரிலும் கர்நாடகக் கடலோரத்திலும் தாய்ப்பால் மட்டும் உண்ணும் சிசுக்களிடம் தயாமின் குறைவால் நேரும் கடும் நோயை மருத்துவர்கள் 2010க்குப் பின்னரும் பதிவு செய்துள்ளனர். பிரசவத்திற்குப் பின் தாய்மார் பத்தியம் என்று தீட்டிய அரிசிச் சோற்றையும் சில பண்டங்களையும் மட்டுமே உண்பது இதற்கு ஒரு காரணம். தாய் நலமாகத் தோன்றினும் அவள் பாலில் இச்சத்து குறைந்திருக்கலாம். இரண்டு மூன்று மாதக் குழந்தை பால் குடிக்க மறுத்து, வாந்தியெடுத்து, குரல் கம்மி, மூச்சுத் திணறினால் சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். தாயின் உணவு விவரத்தையும் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். உரிய காலத்தில் தயாமின் ஊசி பெற்ற குழந்தைகள் ஓரிரு நாள்களிலேயே, சில வேளைகளில் சில மணி நேரத்திலேயே, தேறுகின்றன. தாமதித்தால் அன்றே உயிரிழக்கவும் கூடும்.

உடலில் தயாமின் இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதும். புழுங்கல் அரிசி, சிறுதானியங்கள், பருப்பு, நிலக்கடலை ஆகியவை இதனை அளிக்கும். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் அரிசியின் உட்பகுதிக்குச் செல்வதால், தீட்டிய பின்னும் ஒரு பகுதி எஞ்சுகிறது. அரிசியைப் பன்முறை கழுவுவதாலும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் இச்சத்து வீணாகிறது. பத்தியத்தை இகழ்ந்து பேசுவதால் பயனில்லை. அதனோடு பருப்பும் சேரவேண்டும் என்று வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எடுத்துரைப்பதே நற்பயன் தரும்.

வகுப்பறை வினாக்கள்

1. இருதயம் தனக்கு வேண்டிய ஏ.டி.பி.யை ஏன் சேர்த்து வைக்க இயலவில்லை?
2. தயாமின் குறைந்தால் கொழுப்பும் சரிவர எரியாதது ஏன்?
3. பச்சரிசி, புழுங்கல் அரிசி இரண்டையும் ஒரே அளவு தீட்டினால் எதில் தயாமின் மிகுதியாக எஞ்சும்? காரணம் கூறுக.