பிரிண்டர் எங்கே போனது? வீட்டுக் கருவிகளின் ஐ.பி. முகவரி அறியும் வழிகள்

சென்ற மே மாதம் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு என் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, நாளைக்குக் காலையில நுழைவுத் தேர்வு. ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கணும். பிரிண்டர் ஆஃப்லைன்னே காட்டுது. ஜெராக்ஸ் கடையும் மூடிட்டாங்க" என்றான். குரல் கம்மியிருந்தது. பிரிண்டரில் விளக்கு எரிகிறது, பேப்பர் இருக்கிறது, மை இருக்கிறது. முதல் நாள் வரை ஒழுங்காக வேலை செய்த பிரிண்டர்தான்.

"சாயங்காலம் கரண்ட் போச்சாடா?" என்று கேட்டேன். "ஆமா மாமா, ரெண்டு மணி நேரம்" என்றான். பிரிண்டரின் ஐ.பி. முகவரி மாறியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அன்று போனிலேயே அவனுக்குச் சொன்ன வழிகளைத்தான் இங்கே தருகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு முறை செய்து பார்த்து வைத்துக்கொண்டால், அவசரத்தில் கை கொடுக்கும்.

ஐ.பி. முகவரி என்பது என்ன?

வீட்டு நெட்வொர்க்கில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். இது 192.168.1.5 என்பது போல, புள்ளியால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாக இருக்கும். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இந்த முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. உலகில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் இவை போதாது. எனவே, வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் பயன்படுத்துவதற்கென்று சில வரிசைகளை 1994ல் ஒதுக்கினார்கள். 192.168 என்று தொடங்குவது அவற்றில் ஒன்று. உங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் ஒரே முகவரி இருந்தாலும் குழப்பம் வராது. வெளியுலக இணையத்திற்குத் தெரியும் முகவரி வேறு. அதை உங்கள் இணைய நிறுவனம் தருகிறது.

வீட்டுக்குள் முகவரி வழங்கும் வேலையை ரௌட்டர் செய்கிறது. லாட்ஜில் அறைச் சாவி கொடுப்பது போலத்தான். குறிப்பிட்ட காலத்திற்கு ஓர் எண்ணைக் கொடுக்கும். காலம் முடிந்தால் புதுப்பிக்கும். கரண்ட் போய் வந்தால், பல ரௌட்டர்களுக்குப் பழைய பட்டியல் நினைவில் இருக்காது. அப்போது பிரிண்டருக்கு இருந்த எண் வேறு ஒரு கருவிக்குப் போய்விடலாம்.

உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் இந்த வழி பொருந்தும்.

1. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி சி, எம், டி என்ற மூன்று எழுத்துக்களை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு நிறத்தில் கமாண்ட் ப்ராம்ப்ட் விண்டோ திறக்கும்.

2. அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துக்களை இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

3. வரும் வரிகளில் "ஐபிவி4 அட்ரஸ்" என்பதற்கு எதிரே இருப்பது உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி. "டிஃபால்ட் கேட்வே" என்பதற்கு எதிரே இருப்பது ரௌட்டரின் முகவரி. இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, கம்ப்யூட்டர் தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளையும் வைஃபை இணைப்பையும் சரிபாருங்கள்.

ஐஃபோனில் செட்டிங்ஸ், வைஃபை சென்று, இணைந்துள்ள பெயருக்கு அருகில் வட்டத்துக்குள் இருக்கும் ஐ எழுத்தைத் தொட்டால் முகவரி தெரியும். ஆண்ட்ராய்டு போன்களிலும் வைஃபை பெயரைத் தொட்டால் வரும் விவரங்களில் பெரும்பாலும் கிடைக்கும்.

பதில் வந்தது, பிரிண்ட் வரவில்லை!

இனி பிரிண்டர். செட்டிங்ஸில் பிரிண்டர் பெயரைத் தேர்ந்தெடுத்து, பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, போர்ட்ஸ் என்ற டேப்பைப் பார்க்கச் சொன்னேன். 192.168.1.5 என்று இருந்தது. கறுப்பு விண்டோவில் பி, ஐ, என், ஜி என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த முகவரியைக் கொடுக்கச் சொன்னேன். இது பிங் கட்டளை, "இருக்கிறாயா?" என்று கேட்டுப் பார்ப்பது. உடனே "ரிப்ளை ஃப்ரம்" என்று நான்கு வரிகள் வந்தன.

பதில் வருகிறது, ஆனால் பிரிண்ட் வரவில்லை. நானும் ஒரு நிமிடம் குழம்பிவிட்டேன். பதில் சொன்னது பிரிண்டர்தானா?

இதை அறிய ஒரு வழி உண்டு. ஐ.பி. முகவரி மாறலாம். ஆனால், பிரிண்டர் போன்ற கருவிகளுக்குத் தயாரிப்பின்போதே தரப்படும் மேக் முகவரி பொதுவாக மாறாது. 0 முதல் 9 வரை எண்களும், ஏ முதல் எஃப் வரை எழுத்துக்களும் கலந்து, இரண்டிரண்டாக ஆறு ஜோடிகள் இருக்கும். பல பிரிண்டர்களில் பின்பக்க ஸ்டிக்கரிலேயே இது அச்சாகியிருக்கும்.

கறுப்பு விண்டோவில் ஏ, ஆர், பி என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு, அதை ஒட்டி ஏ கொடுத்து என்டர் தட்டினால், அண்மையில் நம் கம்ப்யூட்டருடன் தொடர்பு கொண்ட கருவிகளின் ஐ.பி. முகவரியும் மேக் முகவரியும் பட்டியலாக வரும். 192.168.1.5க்கு எதிரே இருந்த மேக் முகவரி ஸ்டிக்கரில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. அந்த எண்ணில் இருந்தது என் அக்காவின் போன்! கம்ப்யூட்டர் ஹால் டிக்கெட்டைப் போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

(இந்தப் பட்டியலில் 224, 239 என்று தொடங்கும் எண்களும் 255 என்று முடியும் எண்ணும் வரும். இவை பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் செய்தி அனுப்ப விண்டோஸ் பயன்படுத்துபவை. யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம்.)

பிறகு பிரவுசரில் ரௌட்டரின் முகவரியைக் கொடுத்து, ரௌட்டர் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருந்த பாஸ்வேர்டுடன் உள்ளே போனான். இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில், பிரிண்டரின் மேக் முகவரிக்கு எதிரே 192.168.1.8 என்று இருந்தது. போர்ட்ஸ் டேப்பில் ஆட் போர்ட் அழுத்தி, ஸ்டாண்டர்ட் டி.சி.பி./ஐ.பி. போர்ட் தேர்ந்தெடுத்து, புதிய எண்ணைக் கொடுத்தான். பத்தேகால் மணிக்கு ஹால் டிக்கெட் வெளியே வந்தது. அக்கா போனை வாங்கி, "சாப்பிட்டியாடா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கும் பசி தெரிந்தது.

மீண்டும் மாறாமல் இருக்க

ரௌட்டரின் பக்கத்தில் "அட்ரஸ் ரிசர்வேஷன்" அல்லது அதைப் போன்ற பெயரில் ஒரு வசதி இருக்கும். அதில் பிரிண்டரின் மேக் முகவரியையும் கொடுக்க விரும்பும் ஐ.பி. முகவரியையும் பதிந்து சேவ் செய்யுங்கள். இனி எத்தனை முறை கரண்ட் போனாலும் பிரிண்டருக்கு அந்த எண்தான். அதே பக்கத்தில் ரௌட்டரின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

கணக்கில் வராத கருவி

ரௌட்டர் பட்டியலைப் பார்க்கும்போது உங்கள் வீட்டில் எத்தனை கருவிகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். டிவி, கேமரா, பழைய டேப்லட் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். எண்ணிக்கை கூடுதலாக இருந்தால், உடனே அடுத்த வீட்டுக்காரரைச் சந்தேகிக்காதீர்கள். 2019ல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020ல் வந்த ஐஓஎஸ் 14 முதல், போன்கள் பாதுகாப்புக்காகத் தம் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. ஒவ்வொரு கருவியிலும் வைஃபையை நிறுத்தி, பட்டியலில் எது மறைகிறது என்று பாருங்கள்; சில நிமிடங்கள் ஆகலாம். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் ஒன்று மீதம் இருந்தால், வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

ஒரு குறிப்பு: பிங் கட்டளைக்குப் பதில் வராவிட்டால் கருவி இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். சில கம்ப்யூட்டர்களில் ஃபயர்வால் பதில் சொல்ல விடாது.

இன்றே அரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டிலுள்ள கருவிகளின் பெயர், ஐ.பி. முகவரி, மேக் முகவரி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தேர்வுக்கு முதல் நாள் இரவு தேட வேண்டியிருக்காது.